பழைய சொகுசுக் கார்ப் படங்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

அர்மான் எஸ்டர்ஸ் வாங்கிய புகாட்டி ராயல் காரில் ஹெட்லைட் கிடையாது. துணி வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த பிரெஞ்சுக்காரர் அவர். ராத்திரியில் ஓட்டப்போவதில்லை, விளக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1932-இல் ழான் புகாட்டி அவருக்காக வரைந்த அந்தத் திறந்த காரின் முன்பக்கத்தில் ரேடியேட்டர் இருக்கிறது, அதன் இருபுறமும் மட்கார்டின் வளைவு இருக்கிறது, வேறொன்றும் இல்லை. 12.7 லிட்டர் எஞ்சின் கொண்ட ராயல் வரிசையில் மொத்தமே 6 கார்கள்தான் செய்தார்கள். சில வருடங்களில் எஸ்டர்ஸின் கார் கைமாறியது. புது உரிமையாளருக்காக ஆன்ரி பிண்டரின் பட்டறை பழைய பாடியைக் கழற்றிவிட்டு, மூடிய பாடி ஒன்றைக் கட்டியது. ஹெட்லைட் இல்லாத அந்த அழகு அதோடு போயிற்று. பிரான்ஸின் முலூஸ் அருங்காட்சியகத்தில் இன்று நிற்பது பின்னாளில் செய்த நகல். அசல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்துப் புகைப்படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிப் போன கார்கள் ஏராளம். ரோல்ஸ்-ராய்ஸ், இஸ்பானோ-சுய்சா, இசோட்டா பிராஸ்கினி, டியூசன்பெர்க் போன்ற கார்க் கம்பெனிகள் எல்லாம் சேஸிஸையும் (காரின் அடிச்சட்டம்) எஞ்சினையும் ரேடியேட்டரையும் மட்டும் கொடுத்தன. வாங்கியவர் அதை வேறொரு பட்டறைக்கு அனுப்பி, தன் விருப்பப்படி பாடி கட்டிக்கொள்வார். கரூரில் பஸ்ஸுக்கும் திருச்செங்கோட்டில் லாரிக்கும் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், முறை அதேதான். நம் அண்ணா சாலை சிம்ப்ஸன்கூடக் குதிரை வண்டி கட்டுவதில் தொடங்கிக் காருக்கு வந்த நிறுவனம்தான். லண்டனில் பார்க்கர், ஹூப்பர். பாரிஸில் கெல்னர், சவுச்சிக். மிலானில் கஸ்தாஞ்ஞா. கலிபோர்னியாவின் பசடினாவில் மர்பி. 1928 டிசம்பரில் நியூயார்க்கில் அறிமுகமான டியூசன்பெர்க் ஜே-யின் வெறும் சேஸிஸே 8,500 டாலர், பாடிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். நாகரிகம் மாறினால் பாடியை மாற்றுவார்கள். 1914-இல் போர் வந்தபோது ரோல்ஸ்-ராய்ஸின் சில்வர் கோஸ்ட் சேஸிஸ் மேல் இரும்புத் தகடு பொருத்திக் கவச வண்டி ஆக்கினார்கள். அமைதிக் காலத்திலும் எத்தனையோ கார்கள் கடைசியில் சவ வண்டியாகவும் சாமான் வண்டியாகவும் ஓடின. சேஸிஸ் தப்பியது, பாடி தப்பவில்லை. அதனால்தான் அந்தக் காலத்துப் புகைப்படத்தை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன். பல வடிவமைப்புகளுக்கு வேறு சாட்சி கிடையாது.

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். வாகன வடிவமைப்பு படிக்கிறான். "மாமா, நானும் சேர்க்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். பதினைந்தாயிரம் ஒதுக்கியிருக்கேன். எதை வாங்கறது?" என்றான். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற வேறு யாருக்காவது பயன்படட்டும்.

அவன் முன்னால் இருந்த வழிகள் ஐந்து. பாடி கட்டிய பட்டறையே எடுத்து வைத்துக்கொண்ட படம். பத்திரிகைகளுக்காக ஏஜென்ஸிகள் எடுத்த படம். போஸ்ட்கார்டும் குடும்பப் படமும். ஃபிலிமுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டில் (பிளேட்) பதிந்த நெகட்டிவ். கடைசியாக, காசே இல்லாமல் நூலகங்களின் இணையதளங்களில் இருந்து இறக்கிக்கொள்ளும் படம். சொகுசுக் காரின் வடிவத்தைப் படிப்பதற்காகச் சேர்க்கிறோம் என்பதை மட்டும் மனதில் வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுகிறேன். பிற்காலத்தில் விலை ஏறும் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம்.

பட்டறைப் படத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வடிவம் அதில்தான் சுத்தமாகத் தெரியும். பாடி முடிந்து, பாலிஷ் போட்டு, வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன் பட்டறை வாசலிலோ பக்கத்துத் தெருவிலோ காரை நிறுத்தி எடுப்பார்கள். நேர்ப் பக்கவாட்டில் ஒன்று, முன்பக்கம் சாய்வாக ஒன்று. கேமரா உயரம் இடுப்பளவு. பெரிய பிளேட் என்பதால் கதவின் கைப்பிடி, பீடிங் கோடு, சக்கரக் கம்பி என எல்லாம் துல்லியமாக விழும். அடுத்த வாடிக்கையாளரிடம் "இந்த மாதிரி வேண்டுமா?" என்று கேட்பதற்கான படம் அது. அதனால் கலை நோக்கம் ஏதும் இல்லாமல், கார் மட்டுமே இருக்கும்.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. 1920-களின் மூடிய லிமுசின், பக்கவாட்டுத் தோற்றம். காரின் பின்னால் ஒரு வெள்ளைத் துணி. பின்னணியில் இருக்கும் செங்கல் சுவர் காரின் கோட்டைக் குழப்பிவிடக் கூடாது என்று துணியைப் பிடித்திருக்கிறார்கள். மேலே நான்கு விரல்கள் தெரிகின்றன. கீழே, பின்சக்கரத்துக்கும் ரன்னிங் போர்டுக்கும் (கதவுக்குக் கீழே ஏறுவதற்கான படிப்பலகை) நடுவில், ஒரு ஜோடி பூட்ஸ். ஒன்றின் கயிறு அவிழ்ந்திருக்கிறது. கேட்லாக்கில் அச்சாகும்போது அந்த விரலும் பூட்ஸும் இருக்காது. நெகட்டிவில் காரைச் சுற்றி ஒளி புகாத மை பூசி மறைத்துவிடுவார்கள், கார் வெள்ளை வெளியில் மிதக்கும். மை பூசுவதற்கு முன் எடுத்த பிரிண்ட் கைக்கு வந்தது என் அதிர்ஷ்டம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூலையில் நெகட்டிவிலேயே எழுதிய எண் தெரிகிறது.

அந்த எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பட்டறைப் படத்தில் சேஸிஸ் எண்ணோ ஆர்டர் எண்ணோ இருந்தால் அந்தக் காரின் வரலாற்றையே தேடி எடுக்கலாம். ரோல்ஸ்-ராய்ஸ் கார்களின் சேஸிஸ் அட்டைகள் இங்கிலாந்தின் பாலர்ஸ்பரி கிராமத்தில் ஹன்ட் ஹவுஸ் என்ற இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. யாருக்காகச் செய்தது, யார் பாடி கட்டினார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். எண் இல்லாவிட்டால் படம் அழகாக இருக்கும், ஊமையாகவும் இருக்கும். எந்தப் பட்டறை என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். விலை மட்டும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே சொல்வார்கள்.

பட்டறைப் படத்தில் இன்னொரு சிக்கல், அது சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. நெகட்டிவில் மை பூசியவர் நிழலை நீக்குவார், கதவு இடைவெளியை மெலிதாக்குவார், ஜன்னலில் விழுந்த பிரதிபலிப்பை அழிப்பார். அப்புறம் நிறம். 1920-கள் வரை பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் அளவுக்கு மீறித் தெரியும். ரத்தச் சிவப்பில் வந்த கார் படத்தில் கறுப்பாக நிற்கும், வான நீலக் கார் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். இரண்டு நிறக் கார்களில் எது ஆழ்ந்த நிறம், எது வெளிர் நிறம் என்பதே தலைகீழாகப் போகலாம். பழைய படங்களுக்கு வண்ணம் தீட்டி இணையத்தில் போடுகிறார்களே, அதை நம்பி ஒரு காரின் நிறத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பத்திரிகைப் படம். இதன் சிறப்பு முதுகில் இருக்கிறது. படத்தைத் திருப்பினால் ஏஜென்ஸியின் முத்திரை, தேதி முத்திரை, தட்டச்சு செய்து ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு, எவ்வளவு அகலத்துக்கு அச்சிட வேண்டும் என்ற பென்சில் குறிப்பு எல்லாம் இருக்கும். முன்பக்கத்தில் எடிட்டர் போட்ட வெட்டுக் கோடுகளும், அச்சில் தெளிவாக விழட்டும் என்று பூசிய வெள்ளைச் சாயமும் இருக்கும். சிலர் இதையெல்லாம் அழுக்கு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ். அமெரிக்க நாளிதழ்கள் பலவும் 2000-க்குப் பிறகு தங்கள் பழைய படக் கிடங்குகளை விற்றதால் இந்த வகை சந்தையில் நிறையவே கிடைக்கிறது. நம் கைக்கு எட்டுகிற விலையிலும் கிடைக்கிறது.

இதில் தேட வேண்டியது நின்றிருக்கும் காரை. பாரிஸின் கிராண்ட் பலேயில் 1901 முதல் நடந்த கார்க் கண்காட்சிகளும், புலோன் பூங்கா போன்ற இடங்களில் நடந்த அழகுப் போட்டிகளும் இதற்குப் பொன்னான இடங்கள். அழகுப் போட்டியில் காரும் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் உடையும் சேர்ந்தே மதிப்பிடப்படும். அந்தப் படங்களில் காரின் அளவு சரியாகத் தெரியும். பட்டறைப் படத்தில் தனியாக நிற்கும்போது கம்பீரமாகத் தோன்றிய பானட், ஒரு பெண் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவள் தோள் உயரம் என்று தெரியவரும்.

ஓடும் காரை எடுத்த பத்திரிகைப் படத்தை வடிவத்துக்காக வாங்காதீர்கள். அந்தக் காலக் கேமராக்களில் பிளேட்டுக்கு முன்னால் ஒரு திரை, அதில் ஒரு பிளவு. அந்தப் பிளவு பிளேட்டின் மேல் நகர நகரத்தான் படம் பதியும். சக்கரத்தின் அடி முதலில் பதியும், மேல்பகுதி பதிவதற்குள் கார் கொஞ்சம் முன்னே போயிருக்கும். வட்டச் சக்கரம் முன்னால் சாய்ந்த முட்டையாகிவிடும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ழாக்-ஆன்ரி லார்த்தீக் இளைஞராக இருந்தபோது பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றதே இந்தச் சாய்வினால்தான். சக்கரம் ஒருபக்கம் சாய, வேடிக்கை பார்ப்பவர்கள் மறுபக்கம் சாய்ந்து நிற்பார்கள். வேகத்தை அதைவிட நன்றாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் காரின் நீள அகலத்தை அதிலிருந்து அளக்க முடியாது.

துண்டுச் சீட்டில் எழுதியிருப்பதையும் சரிபார்க்க வேண்டும். நிருபருக்குச் சீமாட்டியின் பெயர் முக்கியம், காரின் பெயர் முக்கியம் இல்லை. இஸ்பானோ-சுய்சாவின் ரேடியேட்டர் மூடியில் பறக்கும் நாரை நிற்கும். முதல் உலகப் போரில் பிரெஞ்சு விமானி கினமேரின் விமானப் படைப்பிரிவு வைத்திருந்த சின்னம் அது. லென்ஸில் நாரையின் கழுத்து தெரிந்துவிட்டால் சீட்டு என்ன சொன்னாலும் கவலை இல்லை. அப்புறம், 1935 ஜனவரி முதல் கம்பி வழியாகப் படம் அனுப்பும் முறை அசோசியேட்டட் பிரஸ்ஸில் வந்தது. அப்படி வந்த படங்களில் மெல்லிய கோடுகள் ஓடும், நுணுக்கம் போயிருக்கும். 1935-க்குப் பிந்தைய அமெரிக்கப் பத்திரிகைப் படம் என்றால் கோடு இருக்கிறதா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒருவரிடம் "1930, அசல் பிரிண்ட்" என்று ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் பேன்டம் காரின் படத்தை வாங்கினேன். மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது. பளபளப்பு கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. விளக்கை அணைத்துவிட்டு அல்ட்ரா வயலட் டார்ச்சை அடித்தேன், தாள் ஊதா நீலத்தில் எரிந்தது. போட்டோத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலாக வந்தது 1950-களில்தான். பழைய தாள் அப்படி ஒளிராது. அதாவது என் கையில் இருந்தது பின்னாளில் எடுத்த காப்பி. டார்ச் சில நூறு ரூபாய்தான். அதை வாங்குவதற்கு முன் படத்தை வாங்கியது என் தவறு. இந்தச் சோதனை ஒருவழிப் பாதை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒளிர்ந்தால் பழசு இல்லை என்பது உறுதி, ஒளிராவிட்டால் பழசு என்பது உறுதி இல்லை. கூடவே லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்து வெட்டிய அச்சுப்படம். ஓரங்களிலும் கறுப்புப் பகுதிகளிலும் சாய்த்துப் பிடித்தால் ஈயம் போல ஒரு மினுமினுப்பு தெரிந்தால் நல்ல அறிகுறி. தாளில் உள்ள வெள்ளி வருடக்கணக்கில் காற்றுப் பட்டு மேலே வந்ததன் அடையாளம் அது.

போஸ்ட்கார்டுக்கும் குடும்பப் படத்துக்கும் வருகிறேன். 1900-களின் தொடக்கத்திலேயே, எடுத்த படத்தை நேரே போஸ்ட்கார்டுத் தாளில் பிரிண்ட் போடும் வசதி வந்துவிட்டது. மலிவு. ஒரு பட்டறைப் படத்தின் விலையில் ஒரு கட்டே வாங்கிவிடலாம். இவற்றில் காரின் மூக்கு வெட்டுப்பட்டிருக்கும், குழந்தை அசைந்திருக்கும், வடிவமைப்பு படிப்பவனுக்கு முதல் பார்வையில் ஒன்றும் இருக்காது. ஆனால் இவற்றில் மட்டுமே மட்கார்டில் சேறு இருக்கும். டிரைவர் தன் சீட்டில் எப்படி உட்கார்ந்தார், மழைக்கு என்ன போர்த்தினார், முதலாளி உட்காரும் பகுதிக்கும் அவருக்கும் நடுவில் கண்ணாடி இருந்ததா என்பது தெரியும். பக்கவாட்டில் கட்டியிருக்கும் உபரிச் சக்கரத்தைப் பாருங்கள். நாம் இன்றைக்கும் ஸ்டெப்னி என்கிறோமே, அது 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய சக்கரத்தின் பெயர். இங்கிலாந்துக்காரர்களே மறந்துவிட்ட சொல்லை நம் மெக்கானிக்குகள் விடாமல் வைத்திருக்கிறார்கள். காரையே பிளஷர் என்று சொன்ன ஒரு தலைமுறை நம்மிடம் இருந்தது. பெரியவர்கள் அப்படிச் சொல்லக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, இந்த வகைப் படங்களிடம் எனக்குத் தனிப் பாசம்.

குடும்பப் படத்தில் காரை அடையாளம் காண நம்பர் பிளேட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1904 முதல் பிளேட் கட்டாயம், எழுத்தை வைத்து எந்த மாவட்டத்தில் பதிவானது என்று சொல்லிவிடலாம். சில்வர் கோஸ்ட் என்ற பெயருக்கே காரணமான 1907-ஆம் ஆண்டுக் காரின் எண் ஏஎக்ஸ் 201. ஏஎக்ஸ் என்றால் மான்மத்ஷையர், சார்லஸ் ரோல்ஸின் குடும்பம் இருந்த மாவட்டம்.

கண்ணாடி நெகட்டிவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நுணுக்கத்தில் இதற்கு இணை எதுவும் இல்லை, உண்மைதான். ஒரு முழு பிளேட்டை விளக்குப் பெட்டிமேல் வைத்து ரேடியேட்டரின் தேன்கூட்டுக் கண்களை எண்ணிய அனுபவம் மறக்காது. ஆனால் வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும்போது உடையும். ஸ்கேன் செய்ய அடியிலிருந்து ஒளி விடும் கருவி வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் தன் பாரத்தில் தானே விரிசல் விடும், நிற்க வைத்துத்தான் அடுக்க வேண்டும். ஃபிலிம் நெகட்டிவ் என்றால் இன்னும் கவனம் தேவை. பழைய நைட்ரேட் ஃபிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், நம் ஊர் வெயிலில் வீட்டில் வைத்திருக்கவே கூடாது. முதல் சில வருடங்களுக்கு இந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பழைய நெகட்டிவிலிருந்து இன்று புதிதாகப் போட்ட பிரிண்ட்டை "லிமிடெட் எடிஷன்" என்று விற்கிறார்களே, அது சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். சேகரிப்பில் அதைச் சேர்க்காதீர்கள்.

இலவசப் படம் கடைசியில் வந்தாலும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஜார்ஜ் கிரந்தம் பெயின் நடத்திய செய்திப் பட நிறுவனத்தின் சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவுகள் இருக்கின்றன. பெரிய அளவு கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், பயன்படுத்தத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று நூலகமே குறிப்பிடுகிறது. பிரான்ஸின் தேசிய நூலகம் தன் காலிகா தளத்தில் 1904-இல் தொடங்கிய ரோல் ஏஜென்ஸியின் பிளேட்டுகளை ஏற்றியிருக்கிறது. பாரிஸ் கண்காட்சிகளுக்கு அதுதான் களஞ்சியம். டெட்ராய்ட் பொது நூலகத்தின் தேசிய வாகன வரலாற்றுத் தொகுப்பு அமெரிக்கக் கார்களுக்கு. பிரெஞ்சில் பாடி கட்டும் பட்டறையை "கரோஸெரி" என்பார்கள். அந்த மாதிரி நாலு சொல் தெரிந்துகொண்டு தேடினால் கிடைப்பது பல மடங்காகும்.

இதன் உண்மையான பயன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது. உதாரணத்துக்கு 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த லாசால் காரையும் அதற்கு முந்தைய இஸ்பானோ-சுய்சாவையும் ஒரே திரையில் வையுங்கள். லாசாலை வரைந்த ஹார்லி எர்ல், இஸ்பானோவைப் பார்த்துத்தான் வரைந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவரே மறைத்ததில்லை. ஆனால் ரேடியேட்டரின் தோள் எப்படி வளைகிறது, ஹெட்லைட் கம்பி எந்த உயரத்தில் போகிறது என்று கண்ணால் பார்க்கும்போதுதான் அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று புரியும். அந்தக் காருக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் அவருக்காகவே ஒரு வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கியது. பாடி கட்டும் பட்டறைகளின் வேலை கம்பெனிக்குள்ளேயே போனதன் தொடக்கம் அது. இதைப் பார்க்க ஒரு பைசா செலவில்லை.

அப்படியென்றால் காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும் என்று அவனும் கேட்டான். நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருப்பது ஏற்கெனவே காப்பாற்றப்பட்ட படங்கள். ஒரு பழைய வீட்டுப் பரணிலிருந்து ஏலத்துக்கு வரும் படத்துக்கு நீங்கள்தான் நூலகம். என்னிடம் உள்ள இரண்டு படங்களில் இருக்கும் பாடிகளை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. அவற்றை வாங்கிய நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. இன்னொன்று, படத்தை வாங்கினால் தாள்தான் நம்முடையது. பதிப்புரிமை தனி விஷயம். அச்சில் வெளியிட நினைத்தால் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, பதினைந்தாயிரத்துக்கு வருவோம். அவனுக்கு நான் சொன்னது இது. ஆறு மாதம் ஒன்றும் வாங்காதே. லென்ஸும் டார்ச்சும் மட்டும் வாங்கு. இலவசப் படங்களில் கண்ணைப் பழக்கு. அப்புறம் பாதிப் பணத்தில் முதுகில் முத்திரையும் சீட்டும் உள்ள பத்திரிகைப் படங்களாக, நின்றிருக்கும் கார்களாகப் பார்த்து வாங்கு. சிலது ஏமாற்றும், பரவாயில்லை, விலை குறைவு என்பதால் அந்தப் பாடம் கட்டுப்படியாகும். மீதிப் பாதியைத் தொடாமல் வை. எண் எழுதிய ஒரே ஒரு பட்டறைப் படம் வரும்வரை, ஒரு வருடம் ஆனாலும் சரி, காத்திரு. எண் இல்லாத பட்டறைப் படமும் நல்ல சீட்டு ஒட்டிய பத்திரிகைப் படமும் ஒரே விலைக்கு வந்தால் யோசிக்காமல் பத்திரிகைப் படத்தை எடு. போஸ்ட்கார்டுக்குத் தனியாக ஒதுக்க வேண்டாம், கட்டாகக் கிடைக்கும்போது சில்லறையில் முடிந்துவிடும்.

எதைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. "சொகுசுக் கார்" என்று பொதுவாக ஆரம்பித்தால் கடலில் இறங்கிய மாதிரி. ஒரு பட்டறை, அல்லது ஒரு சேஸிஸ், அல்லது காரின் ஒரே ஒரு உறுப்பு. நான் எடுத்துக்கொண்டது மட்கார்டு. 1901-இல் பொறியாளர் மைபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரில் மட்கார்டு சக்கரத்துக்கு மேல் தனியாக மாட்டிய தகடு. 1910-ஐ ஒட்டி டார்பிடோ பாடி வந்து பானட்டும் உடலும் ஒரே கோடாகச் சேர்ந்தபோதும் மட்கார்டு ஒதுங்கியே நின்றது. 1920-களில் ரன்னிங் போர்டு வரை வழிந்து இறங்கியது. 1930-களின் பாரிஸ் பட்டறைகளில், முக்கியமாக ஃபிகோனி எ ஃபலாஷியில், நீர்த்துளி போல வீங்கிச் சக்கரத்தையே மூடியது. இந்தப் பயணத்தில் என்னிடம் இன்னும் சரியான படம் இல்லாத வருடங்கள் 1911-லிருந்து 1914 வரை. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கியதை வைப்பது பற்றி. கடற்கரை ஊர்களில் ஈரம்தான் எதிரி. கண்ணாடிச் சட்டத்தில் நேரே ஒட்டி மாட்டினால் மழைக்காலத்தில் படத்தின் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்துவிடும். பிவிசி ஆல்பம் கூடாது. அமிலம் இல்லாத காகித உறை நல்லது. பீரோவின் கீழ்த்தட்டில், வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். வெள்ளிப் பூச்சி ஜெலட்டினைத் தின்னும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்துருண்டை போட வேண்டாம். எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்று மென்மையான பென்சிலால் உறைமேல் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் படத்தை உள்ளே வைக்க வேண்டும். உள்ளே வைத்துவிட்டு எழுதினால் அந்த அழுத்தம் நூறு வருடம் தாங்கிய தாளின் முகத்தில் கோடாக விழுந்துவிடும்.